எலுமிச்சை பிழிந்தும் பிஎச் இறங்கவில்லையா: பெங்களூர்த் தண்ணீரில் செடி, மீன், மாவு படும் பாடு

பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் வீட்டுக்குள் நாலு விதத் தண்ணீர் வரும். காவேரி, போர்வெல் அல்லது டேங்கர், அதையே சாஃப்ட்னரில் (கடின நீரை மென்மையாக்கும் கருவியில்) விட்டு எடுத்தது, சமையலறை ஆர்.ஓ. எந்தக் குழாயில் எது வருகிறது என்று பிளம்பருக்கே சில நாள் தெரியாது. 2024 அக்டோபரில் காவேரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் திறந்தபின், அதுவரை போர்வெல்லை நம்பியிருந்த புறநகர் வீடுகள் பலவற்றின் சம்பில் (தரையடித் தொட்டியில்) இரண்டும் கலந்து நிற்கின்றன. போன வருடம் பலித்த வைத்தியம் இந்த வருடம் பலிக்காமல் போவதில் வியப்பில்லை.

செடி மஞ்சளித்தாலோ மீன் திணறினாலோ பலர் செய்வது ஒன்றுதான். பிஎச் அளக்கும் பேனா மீட்டரை வாங்கித் தண்ணீரில் முக்குவார்கள். எண் கூடுதலாக இருந்தால் (7-க்கு மேல் காரம்) எலுமிச்சை, குறைவாக இருந்தால் (7-க்குக் கீழே அமிலம்) ஆப்ப சோடா. பாதிக் கோளாறு அந்த வைத்தியத்தில்தான் பிறக்கிறது. பிஎச் என்பது சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. பீரோவில் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. பிஎச் 8 உள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் காரத்துக்குக் காரணமான ஹைட்ராக்சைடு வெறும் 0.001 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). அதே தண்ணீரில் பைகார்பனேட் 6 மில்லிமோல், அதாவது ஆறாயிரம் மடங்கு, இருக்கலாம். நீங்கள் ஊற்றும் அமிலம் முதலில் அந்தப் பைகார்பனேட்டோடு மல்லுக்கு நிற்க வேண்டும். இந்தக் கையிருப்புக்குக் காரத்தன்மை என்று பெயர். மீன் கடையில் கே.எச். என்பார்கள். தண்ணீர்ப் பரிசோதனைத் தாளில் டோட்டல் அல்கலினிட்டி என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்க்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்து வரும் இரண்டு பகுதிகளையும் எல்லோரும் படிப்பது நல்லது. மற்றவற்றில் உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

மீட்டரில் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை, அல்லது இரண்டு மீட்டர் இரண்டு எண் காட்டுகின்றன

முதலில் மீட்டரை முக்கியது ஆர்.ஓ. தண்ணீரிலா என்று பாருங்கள். உப்பே இல்லாத தண்ணீரில் மீட்டரின் மின்முனைக்கு (அளக்கும் கண்ணாடி முனைக்கு) பிடிமானம் கிடையாது. எண் அலையத்தான் செய்யும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் கரைந்துகொண்டே இருக்கும். சுத்தமான தண்ணீர் காற்றோடு ஒத்துப்போய் நிற்கும் இடமே 5.6 தான். "ஆர்.ஓ. தண்ணீர் அமிலமாக இருக்கிறது, மெஷின் கெட்டுவிட்டது" என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான். ஒரு சிட்டிகை பொட்டாசியம் குளோரைடு போட்டு அளந்தால் எண் நிற்கும்.

குழாய்த் தண்ணீரிலும் அலைந்தால் மீட்டரைச் சோதியுங்கள். கூட வரும் அளவுகோல் தூள் பொட்டலங்களில் 6.86, 4.01 என்று அவை தரும் பிஎச் போட்டிருக்கும். ஒவ்வொன்றையும் 250 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரே போதும். குழாய்த் தண்ணீரில் கரைத்தால் அளவுகோலே பொய். மீட்டரை முதலில் 6.86-ல் மட்டும் சரிசெய்யுங்கள். பிறகு கழுவி, துடைக்காமல் ஒற்றியெடுத்து, 4.01-ல் முக்குங்கள். ஒரு நிமிடத்தில் 4.1-க்குள் வந்து நின்றால் மின்முனை ஆரோக்கியம். 4.4-லேயே நின்றுவிட்டால் அதன் உணர்வு 86 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மின்முனையை மாற்றுங்கள், அல்லது பேனாவையே மாற்றுங்கள். நல்ல மின்முனை 25 டிகிரியில் ஒரு பிஎச்சுக்கு 59 மில்லிவோல்ட் தர வேண்டும்.

மின்முனை சாவதற்கு முக்கியக் காரணம் அதை டிஸ்டில்டு வாட்டரில் ஊற வைப்பது. "சுத்தமாக இருக்கட்டும்" என்று செய்கிறார்கள். உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்து கண்ணாடி முனை பயனற்றுப் போகும். மூடிக்குள் சில சொட்டு பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்க வேண்டும். 100 மில்லி கரைசலில் 22.4 கிராம். அது கிடைக்காவிட்டால் 4.01 கரைசலையே மூடியில் விடலாம்.

மீட்டர் இல்லாமல் தோராயம் பார்க்க வேண்டுமென்றால் ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அது பிஎச் ஏறக்குறைய 8.5 தாண்டிவிட்டது என்பதற்கு அறிகுறி. அதே தட்டில் எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சள். போர்வெல் தண்ணீரில் மஞ்சள் சிவக்காது, அது 8.5-க்குக் கீழேதான் இருக்கும். அதனால் அதில் காரம் இல்லை என்று அர்த்தமில்லை. குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

அமிலம் ஊற்றியும் இறங்கவில்லை. இறங்கியதும் மறுநாள் ஏறிவிட்டது

காரத்தன்மையை அளக்க மீன் கடையில் கே.எச். கிட் கேளுங்கள். பொதுவாக 5 மில்லி தண்ணீரில் சொட்டு விட்டுக்கொண்டே வர வேண்டும். நீலம் மஞ்சளாகும் வரை எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். 17 சொட்டு ஆனால் ஏறக்குறைய 300. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 காரத்தன்மையை 200 வரை ஏற்கிறது, வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. பிஎச்சுக்கோ 6.5 முதல் 8.5 வரை என்ற ஒரே வரம்புதான். அதாவது, தேர்ச்சி பெற்ற இரண்டு தண்ணீர்களின் பிஎச் ஒன்றாகவே இருந்து, கையிருப்பு மட்டும் பத்து மடங்கு வேறுபடலாம்.

கிட் இல்லையென்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கிட் இருந்தாலும் செய்யுங்கள், கண்ணால் பார்த்தால்தான் விஷயம் மனதில் நிற்கும். 10 கிராம் சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீரில் ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்கி அளந்து வாருங்கள். காரத்தன்மை 300 உள்ள தண்ணீர் 7.8-ல் தொடங்கினால் முதல் மில்லியில் 6.8-க்கு விழும். "ஆஹா, வேலை செய்கிறது" என்று தோன்றும். இரண்டாவது மில்லிக்கு 6.5, மூன்றாவதற்கு 6.2, நான்காவதற்கு 6.0 அருகில். முதல் மில்லிக்கு ஒரு முழு எண் இறங்கியது, பிறகு ஒவ்வொன்றுக்கும் 0.3-க்கு மேல் இறங்க மறுக்கிறது. பைகார்பனேட்டும் கரைந்த கரியமில வாயுவும் சரிசமமாக இருக்கும் இடம் 6.35. அந்த இடத்தைச் சுற்றித்தான் தண்ணீர் மிகப் பிடிவாதமாக இருக்கும். இனி அதே ஒரு மில்லியை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விட்டுப் பாருங்கள், நேராக 4-க்குக் கீழே போய்விடும். யாரோ சொன்ன "ஒரு வாளிக்கு ஒரு ஸ்பூன்" ஒரு வீட்டில் பலிப்பதும் இன்னொரு வீட்டில் வேரைச் சுடுவதும் இதனால்தான்.

6.0-க்கு வர எத்தனை மில்லி பிடித்ததோ அதுதான் உங்கள் வீட்டு அளவு. நாலு மில்லி என்றால் 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி, அதாவது 4 கிராம் சிட்ரிக் ஆசிட். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து இந்த அளவைப் பிடிப்பது பர்ஸுக்கும் கைக்கும் வீண் வேலை.

மறுநாள் ஏறிவிடுவதற்கு இரண்டு காரணம். இரண்டையும் பிரித்தறிய வேண்டும், ஏனென்றால் ஒன்று கவலைக்குரியதல்ல. அமிலம் பைகார்பனேட்டைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. வாளி திறந்திருந்தால் வாயு மெல்ல வெளியேறும், எண் 7.5, 8 என்று ஏறும். ஆனால் செலவான கையிருப்பு செலவானதுதான். எண் பழைய இடத்துக்கு வந்தாலும் தண்ணீர் பழைய தண்ணீர் அல்ல. மண்ணுக்கு முக்கியம் கையிருப்புதான், ஆகவே எண்ணைப் பார்த்து மறுபடி அமிலம் ஊற்றாதீர்கள்.

இரண்டாவது காரணம் நுண்ணுயிர்கள். சிட்ரிக், வினிகர் இரண்டும் அவற்றுக்குச் சாப்பாடு. இரண்டு மூன்று நாள் வைத்த வாளியில் சிட்ரேட்டைத் தின்று முடித்து, பைகார்பனேட்டாகவே திருப்பித் தந்துவிடும். வாளியின் உட்புறம் வழுவழுப்பாகிவிட்டதென்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஆகவே சிட்ரிக் கலந்த தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள். நிரந்தரமாகக் கையிருப்பைக் குறைக்க வேண்டுமானால், ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாச் செடி வளர்ப்பு) கடைகளில் பிஎச் டவுன் என்று விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் சரி. அதை உயிர்கள் தின்று பைகார்பனேட்டாக்க முடியாது. பேட்டரி ஆசிட், பாத்ரூம் ஆசிட் பக்கம் போகாதீர்கள். எல்லாவற்றையும்விட மலிவு மொட்டைமாடி மழைநீர். அதில் கையிருப்பே கிடையாது. போர்வெல்லோடு பாதிக்குப் பாதி கலந்தால் 300 என்பது 150 ஆகிவிடும்.

சாஃப்ட்னர் இதைச் சரிசெய்யாது. அது கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. பைகார்பனேட் தொட்டது தொட்டபடி இருக்கும், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) எண்ணும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரோ இன்னும் மோசம்: மூன்றில் ஒரு பங்கு குடிக்கப் போனால் மீதி இரண்டு பங்கில் 300 என்பது 450 ஆகியிருக்கும். அதைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் என்று எங்கும் சொல்கிறார்கள். தரை துடைக்க, வண்டி கழுவச் சிக்கனம்தான்.

தளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை, இக்ஸோரா நாலிலும் பெங்களூர் மாடித்தோட்டங்களில் அடிக்கடி காண்பது. எந்த இலை என்று முதலில் பாருங்கள். நுனியில் புதிதாக வந்த இலையில் நரம்பு வலைபோலப் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் இரும்பு ஏறவில்லை. அடியில் உள்ள பழைய இலையில் அப்படி இருந்தால் மக்னீசியம். அடி இலை முழுக்க, நரம்பும் சேர்ந்து, வெளுத்தால் நைட்ரஜன். இலையைக் கையில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

இரும்பு மண்ணில் இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். தினம் ஊற்றும் பைகார்பனேட் வேர்ப்பகுதியைக் காரமாக வைத்திருப்பதால் அது துருவாகவே உறைந்து கிடக்கிறது, கரைந்து வேருக்குள் போக முடியவில்லை. தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் படிவு இருந்தால் ஏறக்குறைய உறுதி. அந்தப் படிவில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. உறுதிப்படுத்த மேல்மண்ணை விலக்கிவிட்டு, நாலு விரல் ஆழத்திலிருந்து 20 கிராம் மண் எடுத்து 50 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். அவ்வப்போது கலக்கி அரைமணி கழித்து மீட்டரை முக்குங்கள். 7.5-க்கு மேல் இருந்தால் இரும்பு தடுமாறும். மண்ணில் நேராகக் குத்தும் பேட்டரியில்லாத மூன்று கால் கருவியை நம்ப வேண்டாம், அது ஈரத்துக்கு ஏற்ப எண் சொல்கிறது.

உடனடிக்கு இலைத் தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் ஆசிட், அது கரைந்த பிறகு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட். வரிசை மாறக் கூடாது. போர்வெல் தண்ணீரில் ஃபெரஸ் சல்பேட்டை முதலில் போட்டால் இளம்பச்சையாக இருந்த கரைசல் கண்ணெதிரே கலங்கி, கொஞ்ச நேரத்தில் துருத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். அப்படி மாறியதைத் தெளித்தால் இலையில் கறைதான் மிஞ்சும். போர்வெல்தான் இருக்கிறது என்றால் உங்கள் வீட்டு அளவுக்கான சிட்ரிக்கையும் சேர்த்துப் போடுங்கள், அல்லது ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள். மாலையில் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. பழைய மஞ்சள் இலை பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள், அடுத்து வரும் தளிரைப் பாருங்கள்.

மண்ணுக்குக் கொடுப்பதானால் இரும்புச் செலேட்டின் (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் கூட்டுப்பொருள்) பெயரைப் படித்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை பிஎச் 6.5 வரைதான் இரும்பைப் பிடித்து வைக்கும், அதற்கு மேல் கைவிட்டுவிடும். காரமான தொட்டிக்கு இ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும். தூள் அடர் சிவப்பாக இருக்கும், விலையும் கூடுதல். கந்தகத் தூள் நல்லதுதான், ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்க வாரக்கணக்கில் ஆகும். முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு மூன்றையும் இந்தச் செடிகளுக்குப் போடவே போடாதீர்கள். எந்தத் தோட்டக் குழுவில் கேட்டாலும் முதலில் சொல்லப்படுவது முட்டை ஓடுதான். போர்வெல் ஊரில் அது கடனாளிக்கு இன்னொரு கடன்.

மண் சிமென்ட் மாதிரி இறுகி, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கிறதா? சாஃப்ட்னர் தண்ணீரின் சோடியம் களித்துகள்களைப் பிரித்துவிட்டது. தோட்டக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். தொட்டி மண்ணை மாற்றுவதே சுருக்கமான வழி.

மீன்தொட்டி: தண்ணீர் மாற்றியதும் மீன் திணறுகிறது

எவ்வளவு நேரத்தில் என்பதே முதல் துப்பு.

சில நிமிடங்களில் மேலே வந்து வாயைப் பிளந்தால் குளோரின். காவேரித் தண்ணீரை அப்படியே விட்டிருப்பீர்கள். ஹைபோ படிகம், அதாவது சோடியம் தயோசல்பேட், உடனே போடுங்கள்; ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் வீதம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் இருந்தால் 100 லிட்டருக்கு 0.7 கிராம் போதும். இனிமேல் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

விடியற்காலையில் மட்டும் திணறி, விளக்கு போட்டபின் சரியானால், செடி நிறைந்த தொட்டியில் இரவெல்லாம் கரியமில வாயு சேர்ந்து ஆக்சிஜன் குறைந்திருக்கிறது. இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். இந்தத் தொட்டியில் காலையில் ஒரு பிஎச்சும் மாலையில் ஒரு பிஎச்சும் வருவது இயல்பு, திருத்த வேண்டியதில்லை.

தண்ணீர் மாற்றி சில மணி நேரம் கழித்து, தொட்டி தெளிவாகவே இருக்க, ஒவ்வொன்றாகச் சாய்ந்தால் அம்மோனியா. இதுதான் மிக அதிக மீன்களைக் கொல்லும் வகை, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக் கொல்வதும் இதுதான். நடப்பது இப்படி: மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத தொட்டி. மீன் கழிவின் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் சுமார் 7 மில்லிகிராம் காரத்தன்மையைச் செலவழிக்கிறது. பீரோ காலியாகி பிஎச் 6.5, 6 என்று இறங்குகிறது. அந்த நிலையில் பாக்டீரியாவும் மந்தமாகி அம்மோனியா சேர்கிறது. ஆனால் மீனுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அமிலத் தண்ணீரில் அம்மோனியா ஒரு ஹைட்ரஜனைக் கூடுதலாக ஏற்று அம்மோனியமாக இருக்கிறது. அது செவுளுக்குள் எளிதில் நுழையாது. 25 டிகிரியில் பிஎச் 6.5-ல் மொத்தத்தில் 0.18 சதவீதம்தான் விஷ வடிவம். 7-ல் 0.57. 8-ல் 5.4. 8.5-ல் 15 சதவீதம். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு போர்வெல்லை ஊற்றினால், அல்லது மீட்டரைப் பார்த்துவிட்டு ஒரு கை சோடா போட்டால், மொத்த அம்மோனியா கூடவே இல்லை, அதில் விஷ வடிவத்தின் பங்கு மட்டும் முப்பது மடங்கு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா 6.5-ல் 0.004 அளவு விஷம், 8-ல் 0.1. மீனுக்கு 0.02 தாண்டினாலே ஆகாது.

ஆகவே பழைய தொட்டியில் பிஎச் தாழ்ந்திருந்தால் முதலில் அம்மோனியா கிட். இருக்கிறது என்று காட்டினால் சோடாவைத் தொடாதீர்கள். தீனியை நிறுத்துங்கள், தினம் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரின் பிஎச் தொட்டியின் பிஎச்சுக்கு அருகிலேயே இருக்கட்டும், ஆர்.ஓ. கலந்துகொள்ளலாம். அம்மோனியா சுழியம் காட்டிய பிறகே கையிருப்பை ஏற்ற வேண்டும்: 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்ப சோடா ஒரு டிகிரி கே.எச். தரும். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம். டம்ளரில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். சலவைக்கான வாஷிங் சோடா வேறு, அது பிஎச்சை ஒரேயடியாகத் தூக்கும். நாலு டிகிரி வந்ததும் நிறுத்திவிடலாம்.

மாவு பொங்கவில்லை, தயிர் உறையவில்லை

பெங்களூரில் இதற்கும் போர்வெல்லைத்தான் திட்டுவார்கள். கணக்குப் போட்டால் அது நிரபராதி. ஒரு கிலோ மாவில் அரை லிட்டர் போர்வெல் தண்ணீர் இருந்தாலும் அது செலவழிக்கக்கூடியது 3 மில்லிமோல் அமிலம். நன்றாகப் புளித்த மாவில் லாக்டிக் அமிலம் கிலோவுக்கு 5 கிராம் என்று குறைவாக வைத்தாலும் 55 ஆகிறது. இருபதில் ஒரு பங்குக்காக மாவு நிற்காது. நிற்பது குளிரால். டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 15, 16 டிகிரிக்கு வந்துவிடும். மாவுக்கு வேண்டியது 28 முதல் 30. வெந்நீரில் அரைக்காமல், அரைத்த மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் வைத்து, போர்வையால் மூடுங்கள். அல்லது, போர்வையில்லாமல், அடைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைத்தாலும் போதும். 14 மணி நேரம் கொடுங்கள்.

பொங்காமல் புளிப்பு மட்டும் வந்துவிட்டால் வாயு வெளியேறிவிட்டது: உளுந்து குறைவு, அல்லது மாவு தளர்வு. அதிகப் புளிப்புக்கு ஆப்ப சோடா போடலாம். ஒரு கிராம் சோடா 1.07 கிராம் லாக்டிக் அமிலத்தைச் சமன்செய்து, அதிகபட்சம் 290 மில்லி வாயு தரும். அந்த வாயு உடனே வருவது; கலக்கிய கையோடு தட்டில் ஊற்ற வேண்டும். இட்லி மஞ்சளாகி சோப்பு வாடை அடித்தால் அமிலம் தீர்ந்து சோடா மிஞ்சிவிட்டது.

தயிருக்குப் பால் 42 டிகிரியில் இருக்க வேண்டும், விரல் வைத்துப் பத்து எண்ணும் அளவு சூடு. பாலின் புரதம் கேசின் பிஎச் 4.6-ல் கட்டியாகிறது, பால் தொடங்குவது 6.7-ல். குளிரில் அந்தத் தூரத்தைக் கடக்க 12 மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டு அசைத்தால் தண்ணீர் பிரிந்துவிடும். காய்ச்சும்போதே பால் திரிந்தால் அது ஏற்கனவே புளிக்கத் தொடங்கி பிஎச் இறங்கிய பால். சூடு மீதியைச் செய்கிறது. சிட்டிகை சோடா போட்டுத் திரியாமல் காப்பாற்றும் பழக்கம் உண்டு. பாக்டீரியா போகவில்லை, அடையாளம் மட்டும் அழிகிறது. பன்னீராக்கிவிடுவது மேல்.

சோறு மஞ்சளடிக்கிறது, பருப்பு வேகவில்லை

கொதிக்கும்போது பைகார்பனேட்டிலிருந்து கரியமில வாயு போய் பிஎச் ஏறும். போர்வெல்லாக இருந்தால் கால்சியம் வெள்ளைப் படிவாக அடியில் படிந்து காரத்தில் ஒரு பங்கைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். சாஃப்ட்னர் தண்ணீரில் கால்சியமே இல்லை, காரம் முழுக்க சோடியம் கார்பனேட்டாக மிஞ்சும். அதனால் அதில் சோறு இன்னும் மஞ்சள். உலைநீரில் நாலு சொட்டு எலுமிச்சை போதும். பருப்புக்கு நேர்மாறு: போர்வெல் கால்சியம் பருப்பின் பெக்டினை இறுக்கிவிடும், ஆர்.ஓ. அல்லது காவேரித் தண்ணீரில் வேக வையுங்கள். பருப்பு வெந்த பிறகே புளி என்பது இதே வேதியியல். அமிலத்திலும் பெக்டின் கரையாது. சோடா போட்டால் வேகும், தயாமின் (வைட்டமின் பி1) போய்விடும்.

நெஞ்செரிச்சலுக்கு ஆல்கலைன் தண்ணீர் குடித்தும் பலனில்லை

இருக்காது. பிஎச் 9.5 மெஷின் தண்ணீர் ஒரு லிட்டரில் உள்ள ஹைட்ராக்சைடை, இரைப்பையில் பிஎச் 2-ல் இருக்கும் அமிலம் வெறும் 3 மில்லி சமன்செய்துவிடும். கையிருப்பைக் கணக்கிட்டால், 7.8 காட்டும் உங்கள் போர்வெல் தண்ணீர் அதைவிட அதிக அமிலத்தை விழுங்கும். அதற்காக அதை யாரும் மருந்தாகக் குடிப்பதில்லை. ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்பது குடிக்கும் தண்ணீரால் அல்ல. 24 பங்கு பைகார்பனேட்டுக்கு 1.2 பங்கு கரைந்த வாயு என்ற விகிதத்தை, நுரையீரல் வாயுவை ஊதித் தள்ளியும் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்துவைத்தும் காக்கின்றன. திறந்த வாளியில் பிஎச் ஏறியதே, மூச்சை வேகவேகமாக விட்டால் விரல் நுனி மரத்து, தலை சுற்றுவதும் அதேதான். அரை ஸ்பூன் ஆப்ப சோடா எரிச்சலைத் தணிக்கும், ஆனால் அதில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது. வலி தோளுக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் அது கேஸ் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வயிற்றுப்போக்கில் ஓ.ஆர்.எஸ். கொடுத்தும் தேறவில்லை

கலக்கிய அளவைக் கேளுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. அதை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் ரத்தத்தைவிட அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் கடையில் உண்டு, உறையில் உள்ள எண்ணைப் பாருங்கள். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட்டும் சேர்ந்தே வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் சிட்ரேட்: வாளியில் நுண்ணுயிர் செய்ததையே உடம்பும் செய்து, அதைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. புளிப்பாக இருந்தால் குழந்தை குடிக்கும் என்று எலுமிச்சையோ சர்க்கரையோ கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். கலக்கிய கரைசலை மூடி வைத்து வாய்வாயாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, கரைசலோடு மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.